சாங்கி – நியூயார்க்: ஒரே மூச்சில் போவதா, நடுவில் இறங்கி ஏறுவதா?

போன வாரம் பெரியப்பா மகன் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து போன் செய்தார். நியூ ஜெர்சியில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அண்ணியும் அவரும் கிளம்ப வேண்டும். "தூரம் பதினஞ்சாயிரத்துச் சொச்சம்னு போட்டிருக்கு. நேரம் மட்டும் ஒண்ணுல 18 மணி, ஒண்ணுல 23, இன்னொண்ணுல 29. எல்லாம் ஒரே ஊருக்குத்தானே போகுது? எதைத்தான் போடறது?" என்றார். அண்ணனுக்கு 64 வயது. இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். அண்ணிக்கு முழங்கால் எல்லாம் பிரச்சினையில்லை. தெரியாத விமான நிலையத்தில் கேட் தேடி ஓடுவதுதான் பயம். ஆக, ஒருவருடைய உடம்பு நடுவில் இறங்கச் சொல்கிறது, மற்றவருடைய மனசு இறங்கவே வேண்டாம் என்கிறது. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த வழியில் போக இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தூரம். இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் இணையம் காட்டும் எண், பூமி உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வரும் நீளம். சிங்கப்பூரின் சாங்கி நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப் கென்னடி நிலையத்துக்கும் இடையே அது சுமார் 15,350 கி.மீ. இதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் இருக்கிறது; நியூயார்க் மேற்கில் 74 பாகையில். கூட்டினால் 178. உருண்டையின் ஒரு பக்கத்தில் ஒன்று, ஏறக்குறைய நேர் பின்பக்கத்தில் மற்றொன்று. அதனால் நூல் ஐரோப்பா பக்கமும் சாயாது, பசிபிக் பக்கமும் சாயாது. கிட்டத்தட்ட வடதுருவத்தின் மேலேறி அந்தப் பக்கம் இறங்கும். சிங்கப்பூரிலிருந்து துருவம் வரை 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க் வரை 49.4 பாகை, மொத்தம் 138. ஒரு பாகைக்கு 111 கி.மீ. சொச்சம். பெருக்கிப் பார்த்தால் அதே எண் வந்து நிற்கும்.

சுவரில் மாட்டிய தட்டை வரைபடத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நம்பக் கடினமாக இருக்கும். அண்ணனும் நம்பவில்லை. பேரப்பிள்ளைக்கு வாங்கி வைத்திருந்த உருண்டையை எடுத்து நூல் வைத்துப் பார்த்த பிறகுதான் சரி என்றார்.

ஆனால் அந்த நூலின் மேலேயே எந்த விமானமும் பறப்பதில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018 அக்டோபரில் நியூயார்க்கை ஒட்டிய நூவர்க் நிலையத்துக்கு, நடுவில் எங்கும் நிற்காத நான்ஸ்டாப் சேவையை மறுபடி தொடங்கியபோது, பறக்கும் தூரம் சுமார் 16,700 கி.மீ. என்றுதான் அறிவித்தது. நூலின் நீளத்தைவிட 1,300 கி.மீ. கூடுதல். காரணம், விமானி தேடுவது குறைந்த தூரத்தை அல்ல, குறைந்த நேரத்தையும் எரிபொருளையும். நடு அட்சரேகைகளில், 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்றாறு ஓடுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மணிக்கு 300 கி.மீ. வேகத்தைக்கூடத் தாண்டும். அந்த ஓட்டத்தில் ஏறிக்கொண்டால் போதும், நீளமான பாதையும் சீக்கிரமாக முடிந்துவிடும். அதனால் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் நான்ஸ்டாப் பெரும்பாலும் தைவான், ஜப்பான் பக்கமாக ஏறி வட பசிபிக்கைக் கடந்துதான் போகிறது. திரும்பி வரும்போது அன்றைய காற்றைப் பார்த்துப் பாதையை முடிவு செய்கிறார்கள். அட்லாண்டிக் வழியாகவும் வருவதுண்டு.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், "நடுவில் இறங்கினால் சுற்று வழி" என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே அது பெரும்பாலும் உண்மையில்லை. பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்குத்தான் சுற்று வழி வலிக்கும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் 2,900 கி.மீ.தான், துபாய் போய் வந்தால் ஏறக்குறைய 8,700 ஆகிவிடும், மூன்று மடங்கு. ஆனால் உருண்டையின் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் ஊருக்கு எந்தப் பக்கமாகப் போனாலும் தூரம் அதிகம் மாறாது. ஆரஞ்சுப் பழத்தின் காம்பிலிருந்து அடிக்கு எந்தச் சுளையின் மேலாகப் போனாலும் ஒரே நீளம்தான் இல்லையா, அது மாதிரி.

நூல் கணக்கிலேயே பாருங்கள். ஹாங்காங்கில் இறங்கி ஏறினால் மொத்தம் 15,550 கி.மீ. அளவுக்கு வரும். 200 கி.மீ.தான் கூடுதல், ஒன்றுமே இல்லை. டோக்கியோ வழியாக 16,200. லண்டன் வழியாகவும் ஃபிராங்க்ஃபர்ட் வழியாகவும் 16,500-ஐ ஒட்டி. தோஹா வழியாக 17,000. சான் பிரான்சிஸ்கோவுக்கு நேராகப் போய் அங்கிருந்து அமெரிக்காவைக் குறுக்கே கடந்தால்தான் 17,750. நிற்காமல் போகும் விமானம் நடைமுறையில் பறக்கும் 16,700-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடையில் இறங்கும் விமானங்களும் நூலை விட்டு விலகித்தான் பறக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் விஷயம் புரிந்திருக்கும்: இந்த முடிவில் தூரத்துக்கு அதிகம் வேலையில்லை.

அப்படியானால் 18 எப்படி 23 ஆகிறது?

ஃபிராங்க்ஃபர்ட் வழியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அண்ணன் பார்த்த 23 மணி நேரம் அதுதான். விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கிறது என்று வைத்தால், கூடுதலான 1,150 கி.மீ. தூரத்துக்கு ஒன்றேகால் மணி. கூடுதலாக ஒரு முறை இறங்கி ஏறுவதற்கு, அதாவது வேகம் குறைத்து இறங்கி, தரையில் ஊர்ந்து, மறுபடி ஊர்ந்து மேலேறுவதற்கு, அரை மணிக்குச் சற்று மேல். தரையில் காத்திருப்பது ஏறக்குறைய இரண்டு மணி. மிச்சம் காற்றின் கணக்கு. சிங்கப்பூரிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட், அங்கிருந்து நியூயார்க் என்று முழுப் பயணமும் மேற்கு நோக்கிப் போகிறது, காற்றுக்கு எதிராக. பசிபிக் வழியாகப் போகும் நான்ஸ்டாப்போ காற்றோடு போகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. திரும்பும்போது அதே ஃபிராங்க்ஃபர்ட் வழி கிழக்கு நோக்கிய பயணமாகிவிடுகிறது. நியூயார்க்கிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் காற்று முதுகில், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் பெரும்பாலும் முதுகில். போகும்போது 23, 24 மணி ஆனது, வரும்போது 22-ஐ ஒட்டி முடிந்துவிடும். நான்ஸ்டாப்புக்கோ இரண்டு திசையிலும் 18 மணி நேரமும் முக்கால் மணியும் என்று ஏறக்குறைய ஒரே அளவுதான். அப்படியானால் நடுவில் இறங்குவதன் நஷ்டம் போகும்போது ஐந்து மணி, வரும்போது மூன்றரை மணி. போக ஒன்று, வர ஒன்று என்று தனித்தனியாக யோசிக்க வேண்டும் என்பது இதிலிருந்துதான் எனக்குத் தோன்றியது. பலரும் போக வர ஒரே வழியாகப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள்.

ஹாங்காங், டோக்கியோ வழிகள் போகும்போது இன்னும் சாதகம். இரண்டும் பசிபிக் பக்கம். ஹாங்காங்குக்கு நான்கு மணி, அங்கிருந்து நியூயார்க்குக்குப் பதினைந்து, பதினாறு மணி. டோக்கியோவுக்கு ஏழு, அப்புறம் பதின்மூன்று. இடையில் இரண்டு மணி டிரான்சிட் கிடைத்தால் 22-க்குள் முடிக்கலாம். தோஹா, துபாய் வழியாக 24, 25 மணிக்குக் குறைந்து பார்ப்பது அரிது.

பயண நேரத்தைப் பற்றிப் பேசும்போது கடிகாரக் குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். டிக்கெட்டில் அச்சாகும் நேரமெல்லாம் அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நியூயார்க்கைவிட கோடையில் 12 மணி, குளிர்காலத்தில் 13 மணி முன்னால் இருக்கிறது. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அமெரிக்கர்கள் கடிகாரத்தைத் திருப்பும் நாட்கள். கோடையில் இரவு 11:30-க்குச் சிங்கப்பூரில் ஏறி 18 மணி 30 நிமிடம் பறந்தால் மறுநாள் காலை 6 மணிக்கு நியூயார்க்கில் இறங்குகிறீர்கள். பார்ப்பவருக்கு ஆறரை மணி நேரப் பயணம் போலத் தெரியும். திரும்பும்போது இரவு 10:30-க்கு ஏறி 18 மணி 45 நிமிடம் பறந்தால், டிக்கெட்டில் +2 என்று போட்டு காலை 5:15 என்றிருக்கும். நடுவில் ஒரு நாள் முழுசாகக் காணாமல் போயிருக்கும். வேலைக்குத் திரும்பும் தேதியை இதை மறந்துவிட்டுக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, இருக்கைக்கு வருவோம். உண்மையில் பலருக்கு முடிவு இங்கேயே முடிந்துவிடும்.

சிங்கப்பூர் – நியூயார்க் நான்ஸ்டாப்பில் எகானமி வகுப்பு கிடையாது. குறைவு என்றில்லை, இல்லவே இல்லை. அதில் ஓடுவது ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர் (அல்ட்ரா லாங் ரேஞ்ச், மிக நெடுந்தூரம்) என்ற தனிரகம்; மொத்தம் ஏழே ஏழு விமானங்கள் தயாரானது, ஏழும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் இருக்கின்றன. இருக்கைகள் 161: பிசினஸ் 67, எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவிலான பிரீமியம் எகானமி 94. அதே நிறுவனத்தின் சாதாரண நெடுந்தூர ஏ350-யில் 253 பேர் போகிறார்கள். விமானத்தின் உடல் அளவு ஒன்றுதான், ஆள் மட்டும் 92 பேர் குறைவு.

ஏன்? எரிபொருள் எடை. யூஎல்ஆர் ரகத்தின் தொட்டிகளில் 1,65,000 லிட்டர் கொள்ளும், சாதாரண ரகத்தைவிட 24,000 லிட்டர் கூடுதல். முழுசாக நிரப்பினால் 130 டன்னுக்கு மேல். விமானம் எழும்பக்கூடிய அதிகபட்ச எடையே 280 டன்தான். ஏறக்குறைய பாதி எடை எரிபொருளாகவே போய்விட்டால், ஆட்களுக்கும் பெட்டிகளுக்கும் மிச்சம் என்ன இருக்கும்? முன்பக்கச் சரக்கு அறையைக்கூட அதில் பயன்படுத்துவதில்லை. இன்னொரு சிக்கல், பதினைந்தாவது மணி நேரத்தில் எரிக்கப்போகும் எரிபொருளை முதல் மணி நேரத்திலிருந்தே சுமந்துகொண்டு பறக்க வேண்டும். அதைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகும். கட்டுச்சோற்றைச் சுமக்கிற களைப்பிலேயே பாதிச் சோறு தீர்ந்துபோகிற கதை. 2004-ல் இதே வழியில் நான்கு எஞ்சின் ஏ340-500 ஓடியது. 2008-ல் அதை 100 இருக்கைகள் மட்டும் கொண்ட முழு பிசினஸ் விமானமாக மாற்றிப் பார்த்தார்கள். 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். இரண்டு எஞ்சினோடு, குறைவாகக் குடிக்கும் ஏ350 வந்த பிறகுதான் 2018-ல் மறுபடி உயிர் வந்தது. கென்னடி நிலையத்துக்கான நான்ஸ்டாப் 2020 நவம்பரில் சேர்ந்தது.

பதினேழு மணி நேரத்துக்கு எகானமியில் ஆளை உட்காரவைக்கவே முடியாது என்பதில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து லண்டனுக்கு 14,500 கி.மீ. தூரத்தை 2018 மார்ச்சிலிருந்து குவாண்டாஸ் நிறுவனம் எகானமியோடுதான் பறக்கிறது. சிங்கப்பூர் வழியில் அந்தக் கடைசி இரண்டாயிரம் கி.மீ.தான் கணக்கை மாற்றிவிடுகிறது.

இதனால் கட்டண ஒப்பீட்டில் ஒரு பொறி இருக்கிறது. தேடுதளத்தில் நான்ஸ்டாப் ஒரு விலை, ஒரு நிறுத்த விமானம் அதில் பாதி விலை என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டும். முதலாவது பிரீமியம் எகானமி, இரண்டாவது எகானமி. இரண்டையும் ஒப்பிடுவது பஸ்ஸையும் படுக்கை வசதி ரயிலையும் ஒப்பிடுவது மாதிரி. வகுப்பைச் சமமாக்கிவிட்டு, இரண்டிலும் பிரீமியம் எகானமி விலையைப் பாருங்கள். அந்த வித்தியாசத்தை மிச்சமாகும் மணி நேரத்தால் வகுத்தால், ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். அந்தத் தொகை உறுத்தவில்லையென்றால் நான்ஸ்டாப். உறுத்தினால் அடுத்த வழி. எகானமிதான் பட்ஜெட் என்றால் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நேராக ஹாங்காங், டோக்கியோ, ஃபிராங்க்ஃபர்ட் வழிகளுக்கு வந்துவிடுங்கள்.

நான்ஸ்டாப்பில் பிரீமியம் எகானமி எடுப்பவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. பொதுவாக 2-4-2 என்று இருக்கும் வரிசைகள், விமானத்தின் வால் பக்கம் உடல் குறுகும் இடத்தில் 1-4-1 ஆகிவிடுகின்றன. அங்கே ஜன்னலோரம் ஒற்றை இருக்கைகள் சில உண்டு. தனியாகப் போகிறவர்கள் முதலில் அதைத்தான் பிடிக்கிறார்கள்.

இனி நடுவில் இறங்குவதன் நிஜமான விலை. அது கிலோமீட்டரும் இல்லை, மணி நேரமும் இல்லை, அறுந்துபோகும் வாய்ப்பு.

நான் ஒரு முறை 55 நிமிட இடைவெளியில் கனெக்ஷன் போட்டேன். டிக்கெட் விற்றவர்கள் "அதுவே போதும், கணினி ஏற்றுக்கொண்டது" என்றார்கள். முதல் விமானம் 40 நிமிடம் தாமதம். நான் கேட்டுக்குப் போய் நின்றபோது என் விமானம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. அடுத்த விமானம் 11 மணி நேரம் கழித்து. என் பெட்டி அதற்கும் இரண்டு நாள் கழித்து. கணினி ஏற்றுக்கொள்ளும் குறைந்தபட்ச இடைவெளி என்பது எல்லாம் சரியாக நடந்தால் போதுமான நேரம், அவ்வளவுதான். இப்போதெல்லாம் நான் இரண்டு மணிக்குக் குறைந்து போடுவதில்லை; வயதானவர்களுக்கு மூன்று.

இன்னொரு பக்கம், ஆறு ஏழு மணி நேர இடைவெளிதான் இருப்பதிலேயே மோசம் என்பது என் அபிப்பிராயம். ஊருக்குள் போய்வர நேரம் பத்தாது, நாற்காலியில் உட்கார்ந்தே கழிக்க முடியாத நீளம். அண்ணன் பார்த்த அந்த 29 மணி நேர டிக்கெட் அந்த ரகம். அதைவிட நேரம் அதிகமானால் டிரான்சிட் ஹோட்டலில் படுத்து எழுந்து போகலாம், அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டும் கெட்டான் இடைவெளிக்கு எந்த நியாயமும் கிடையாது, விலை குறைவு என்பதைத் தவிர.

இரண்டு தனித்தனி டிக்கெட்டாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளும் யோசனையை மட்டும் இந்தத் தூரத்தில் செய்ய வேண்டாம். ஒரே டிக்கெட்டில் இருந்தால் கனெக்ஷன் அறுந்தாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக இருந்தால் இரண்டாவது விமானத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி.

அமெரிக்காவுக்குள்ளேயே இடைநிறுத்தம் வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலிஸ் என்று எங்கே முதலில் தரை தொடுகிறீர்களோ அங்கேயே குடிநுழைவு வரிசை. பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி கொடுத்துவிட்டு, மறுபடி பாதுகாப்புச் சோதனை. பதினைந்து மணி நேரம் பறந்து வந்த களைப்பில் இதைச் செய்ய வேண்டும். இதற்கு நேர் எதிரானது அபுதாபி. 2014-லிருந்து அங்கே அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனையை விமானம் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுகிறார்கள். நியூயார்க்கில் இறங்கும்போது உள்ளூர்ப் பயணி மாதிரி பெட்டியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம். தூரத்தில் தோஹா, துபாய் மாதிரிதான். மொத்த நேரமும் அப்படித்தான். ஆனால் கென்னடி நிலையத்தின் குடிநுழைவு வரிசையில் ஒரு முறை நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

டிரான்சிட் விசா விதி உங்கள் கையில் இருக்கும் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. ஒரே வீட்டில் ஒருவர் சிங்கப்பூர்க் குடிமகன், மற்றவர் இந்தியப் பாஸ்போர்ட் என்றால் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

ஃபிராங்க்ஃபர்ட் வழிக்கு ஒரு தனிச் சலுகை இருக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் அந்தச் சேவை போகும்போது 26, வரும்போது 25 என்று முழு வழிக்கும் ஒரே எண்ணில் ஓடுகிறது. டைரக்ட் என்பது இதுதான்; டைரக்ட் வேறு, நான்ஸ்டாப் வேறு. நடுவில் நிற்கும், பயணிகள் இறங்குவார்கள், சோதனை முடித்து மறுபடி ஏறுவார்கள். ஆனால் தொடர்விமானத்தைத் தவறவிடுவோமோ என்ற பயம் இல்லை, ஏனென்றால் தாமதமாகி வந்ததே அந்த விமானம்தான். எகானமியும் உண்டு, பிரீமியமும் உண்டு. முழங்காலுக்கு நடை, மனசுக்கு நிம்மதி என்று அண்ணன், அண்ணி இருவரையும் ஒரே நேரத்தில் ஓரளவு திருப்திப்படுத்தும் வழி இது ஒன்றுதான்.

உடம்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-ல் சொன்னது. இரண்டு மடங்கு என்றாலும், ஆரோக்கியமானவர்களுக்கு அது சுமார் 6,000 பேரில் ஒருவர் என்ற அளவுதான். பயப்பட வேண்டாம், ஆனால் எழுந்து நடக்க வேண்டும். நடுவில் இறங்கினால் இந்த ஆபத்து போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். 13 மணியும் 8 மணியும் கூட நான்கைவிட அதிகம்தானே. எந்த வழியில் போனாலும் நடைபாதையோர இருக்கை, இரண்டு மணிக்கு ஒரு முறை நடை. ஏற்கெனவே கால் வீக்கம், ரத்தக் கட்டி என்று ஏதாவது இருந்தால் டிக்கெட்டுக்கு முன் மருத்துவர். ஏ350-யின் உள்ளே காற்றழுத்தம் 6,000 அடி உயரத்துக்குச் சமமாக வைக்கப்படுகிறது. பழைய ரக விமானங்களில் 8,000 அடி வரை போகும். இறங்கும்போது தலை கனக்காமல் இருப்பதில் இந்த வித்தியாசம் தெரிகிறது, குறைந்தபட்சம் எனக்குத் தெரிந்தது.

தூக்கம் இன்னொரு விஷயம். 18 மணி நேரத்தில் எட்டு மணி நேரத் தூக்கம் ஒரே நீட்டாகக் கிடைக்கும். 13-ம் 8-ம் ஆக உடைந்தால் முதல் பாதியில் நன்றாகத் தூங்கலாம், இரண்டாவது பாதி வெறும் காத்திருப்பு. ஹாங்காங் வழியில் முதல் நான்கு மணி நேரத்தில் தூங்க வாய்ப்பில்லை, பதினாறு மணி நேரம் மிச்சமிருக்கிறது. அதாவது நான்ஸ்டாப்பின் சிரமத்தில் முக்கால்வாசியைப் பட்டுவிட்டு இறங்குதல், ஏறுதல் சிரமத்தையும் சேர்த்துப் படுகிறோம். தூரக் கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கிய வழி, என் கணக்கில் இதனால்தான் பின்னுக்குப் போகிறது. டோக்கியோ 7, 13 என்று உடைவது இதைவிட நல்லது. எகானமியில் போகும் மாணவர்கள் கேட்டால் நான் டோக்கியோவைத்தான் சொல்வேன். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கும் அதுவே.

கடைசியாக, எந்த நிலையத்தில் இறங்குவது. நியூயார்க் என்று பொதுவாகச் சொன்னாலும் நான்ஸ்டாப் இரண்டு இடங்களுக்குப் போகிறது: நியூயார்க் நகரத்துக்குள் கென்னடி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூ ஜெர்சி மாநிலத்தில் நூவர்க். சிங்கப்பூரிலிருந்து தூரம் ஏறக்குறைய ஒன்றே. தரையில்தான் வித்தியாசம். அண்ணன் மகள் இருப்பது எடிசன் பக்கம். நூவர்க்கிலிருந்து காரில் அரை மணி. கென்னடியிலிருந்து என்றால் ஸ்டேட்டன் தீவைக் கடந்து வர வேண்டும். நெரிசல் நேரத்தில் ஒன்றரை, இரண்டு மணி. பதினைந்தாயிரம் கி.மீ. தூரத்தில் நுணுக்கி நுணுக்கி மிச்சம் பிடித்த நேரத்தைக் கடைசி அறுபது கி.மீ.யில் தொலைத்துவிடலாம். பிள்ளைகள் குவீன்ஸிலோ லாங் ஐலண்டிலோ இருந்தால் இந்தக் கணக்கு அப்படியே திரும்பிவிடும்.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். போனை ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் அண்ணியும் கேட்டுக்கொண்டிருந்தார். என் யோசனை இது: போகும்போது நூவர்க் நான்ஸ்டாப், பிரீமியம் எகானமியில், இருவருக்கும் நடைபாதை ஓரத்தில் இருக்கை. வரும்போது கென்னடியிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாக. இரண்டு திசையிலும் காற்று முதுகில் இருக்கும், நடுவில் இறங்குவதன் நஷ்டம் குறைவான பக்கத்தில் இறங்குகிறோம், போகிற போக்கில் பூமியை ஒரு சுற்றுச் சுற்றியதாகவும் ஆகிவிடும். இரண்டு பயணத்துக்கும் வீல்சேர் உதவி கேட்டு வைத்துவிட்டால் அண்ணனின் முழங்காலுக்கும் அண்ணியின் கேட் பயத்துக்கும் சேர்த்து ஒரே மருந்து.

அண்ணனுக்கு இன்னும் சந்தேகம். "வரும்போதும் நேராவே வந்துடலாமே, நாலு மணி நேரம் மிச்சம்தானே?" என்றார்.

அண்ணி குறுக்கிட்டார். "போகும்போது பேத்தியைப் பாக்கற அவசரம். வரும்போது என்ன அவசரம் உங்களுக்கு?"

அன்று இரவே டிக்கெட் போட்டுவிட்டார்கள்.